டி செல்களை அளக்க எந்தச் சோதனை?

தடுப்பூசிக்குப் பிறகு ஆன்டிபாடி பார்ப்பது சுலபம். ரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தைப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால், வசதிப்பட்ட நாளில் எலைசா என்ற அளவுச் சோதனை செய்துகொள்ளலாம். டி செல் (தொற்றிய செல்லைக் கொல்லும், மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு உதவும் வெள்ளையணு) அப்படி இல்லை. அது உயிரோடு இருக்க வேண்டும். தடுப்பூசியில் உள்ள புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளை அதற்குக் காட்டி, என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் பல காலமாக முதலிடம், சுரக்கும் செல்களைப் புள்ளிகளாக எண்ணும் எலிஸ்பாட் சோதனைக்குத்தான். 1983-இல் ஆன்டிபாடி சுரக்கும் பி செல்களை எண்ணத்தான் இது வந்தது. டி செல்லுக்கு அப்புறம்தான் பழக்கினார்கள். 96 குழிகள் கொண்ட தட்டின் அடியில், தூண்டப்பட்ட டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசிவைப்பார்கள். குழிக்கு ரத்தத்திலிருந்து பிரித்த சுமார் இரண்டு லட்சம் செல்கள், கூடவே பெப்டைடு, 37 டிகிரியில் ஓர் இரவு. சுரக்கும் செல் ஒவ்வொன்றும் உட்கார்ந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். நடுவில் யாராவது தட்டை நகர்த்தினால் புள்ளிகளுக்கு வால் முளைத்துவிடும், அவ்வளவு நுணுக்கம். லட்சம் செல்களில் ஓரிரண்டு பதில் சொன்னாலும் தெரிந்துவிடுவதுதான் இதன் பலம்.

ஆனால் புள்ளி போட்டது உதவி செய்யும் சிடி4 வகை டி செல்லா, கொல்லும் சிடி8 வகையா என்று தட்டு சொல்லாது. சுரப்பதாகத் தெரிவதும் பெரும்பாலும் ஒரே பொருள்தான். 2007-இல் நிறுத்தப்பட்ட ஸ்டெப் ஆய்வில் இதன் விலை தெரிந்தது. மெர்க் நிறுவனத்தின் எச்ஐவி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு எலிஸ்பாட்டில் நல்ல பதில் இருந்தது. தொற்று மட்டும் தடுக்கப்படவில்லை. எத்தனை செல் என்பதோடு எப்படிப்பட்ட செல் என்றும் கேட்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது.

அந்தக் கேள்விக்கு, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிதான் சரி. செல்லைத் தூண்டிய பின் பிரெஃபெல்டின் ஏ சேர்த்து, சுரப்பது வெளியேறாமல் உள்ளேயே தேங்கவைக்கிறார்கள். பிறகு செல்லில் துளையிட்டுச் சாயம் ஏற்றினால், இன்டர்ஃபெரான் காமா, ஐஎல்-2, டிஎன்எஃப் என்ற மூன்று சமிக்ஞைப் புரதங்களையும் ஒரே செல் சுரக்கிறதா, அது சிடி4-ஆ சிடி8-ஆ என்று தெரியும். தொல்லை என்னவென்றால், திரையில் எது பாசிட்டிவ் என்று கோடு கிழிப்பது பெரும்பாலும் மனிதர்தான். ஒரே கோப்பை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு எண் வரலாம். பதில் மிகக் குறைவாக இருந்தால் பின்னணி இரைச்சலிலும் மூழ்கிவிடும். கருவியின் விலையைச் சொல்லவே வேண்டாம்.

கோவிட் காலத்தில் ஏஐஎம் என்ற முறை பரவலாகப் பேசப்பட்டது. சுரப்பதைப் பார்க்காமல், தூண்டப்பட்ட செல்லின் மேல் முளைக்கும் ஓஎக்ஸ்40, சிடி137 போன்ற அடையாளங்களைப் பார்ப்பது இது. அதிகம் சுரக்காத உதவி செல்களும் இதில் சிக்கும். டெட்ராமர் (குறிப்பிட்ட பெப்டைடை அடையாளம் காணும் டி செல்லில் மட்டும் ஒட்டும், சாயமேற்றிய மூலக்கூறு) இன்னும் துல்லியமானது. ஆனால் ஆளின் எச்எல்ஏ வகையும் (டி செல்லுக்குப் பெப்டைடைக் காட்டும், ஆளுக்கு ஆள் மாறும் புரதம்) குறிப்பிட்ட பெப்டைடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கூட்டத்துக்குச் சரிப்படாது.

மிச்சம் இருப்பது முழு ரத்தச் சோதனை. செல்லைப் பிரிக்கும் வேலையே இல்லை. ரத்தத்தைப் பெப்டைடோடு ஓர் இரவு வைத்து, பிளாஸ்மாவில் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா இருக்கிறது என்று எலைசாவில் பார்த்தால் முடிந்தது. காசநோய்த் தொற்றைக் கண்டறியும் குவான்டிஃபெரான் சோதனையும் இதே கதைதான். (காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி வேலை செய்ததா என்று பார்க்க அதை வாங்கிவிடாதீர்கள், பிசிஜியில் இல்லாத புரதங்களைத்தான் அது வேண்டுமென்றே பயன்படுத்துகிறது.) இதன் ஓட்டை: நிறைய செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்ததா, சில செல்கள் அள்ளிக் கொட்டியதா என்று தெரியாது. லிம்போசைட் (டி செல்களும் சேர்ந்த வெள்ளையணு வகை) எண்ணிக்கையே குறைந்தவருக்கு, உள்ள செல்கள் நன்றாக இருந்தாலும் எண் இறங்கும். எலிஸ்பாட்டில் குழிக்கு இத்தனை செல் என்று எண்ணிப் போடுவதால் இந்தக் குழப்பம் குறைவு.

என்னிடம் கேட்டால், பல ஊர்களில் நடக்கும் ஆய்வுக்கு எலிஸ்பாட், அதில் பதில் வந்தவர்களுக்கு மட்டும் ஃப்ளோ. ஆனால் ரத்தம் எடுத்து சுமார் எட்டு மணி நேரத்துக்குள் செல்லைப் பிரிக்க ஆளும், உறையவைக்கத் திரவ நைட்ரஜனும் பக்கத்தில் இல்லாத ஊர் என்றால், தயங்காமல் முழு ரத்தத்துக்குத்தான் போவேன்.