வெல்ஷ் மொழி வரைபடம்: ஆண்டு வரிசையா, போக்கு முறையா?

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் கேள்விக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். வேல்ஸில் வெல்ஷ் பேசுவோரின் விழுக்காட்டைக் காட்டும் கோட்டு வரைபடம் வந்தால், ஆண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டே போவதா, போக்குகளாகப் பிரித்து எழுதுவதா?

வேகம்: ஆண்டு வரிசையில் யோசிக்கவே வேண்டாம், பேனா ஓடும்.
போக்கு முறையில் முதல் மூன்று நிமிடம் படத்தை உற்றுப் பார்ப்பதிலேயே போய்விடும்.

பிழை: இங்கேதான் பலருக்கும் வழுக்குகிறது. 1901இல் ஏறக்குறைய 50 விழுக்காடு, 1951இல் 28.9. ஆண்டு வரிசைக்காரர் பத்து முறை ‘குறைந்தது’ என்று எழுதுவார். ஒருமுறையாவது ‘டு’ (to) வர வேண்டிய இடத்தில் ‘பை’ (by) போட்டுவிடுவார். 28.9க்குக் குறைந்தது வேறு, 28.9 குறைந்தது வேறு.
போக்கு முறையில் அந்த வினைச்சொல்லே இரண்டு மூன்று முறைதான் வரும். ஆனால் ‘தொடர்ந்து சரிந்தது’ என்று மொத்தமாக அள்ளிவிட்டு, 2001இல் 20.8க்குச் சற்றே ஏறியதைக் கோட்டைவிடும் ஆபத்து உண்டு.

மதிப்பெண்: ஏழாம் பேண்டு என்ற மதிப்பெண் நிலைக்குத் தெளிவான ஒட்டுமொத்தப் பார்வை தேவை. போக்கு முறையில் அது தானாக அமைகிறது: 1981 வரை நீண்ட சரிவு, பின்பு 20ஐ ஒட்டிய தேக்கம், 2021இல் 17.8.
ஆண்டு வரிசையில் அதைத் தனியாக ஒட்டவைக்க வேண்டும்.

(சுரங்கத் தொழில், பள்ளிப் பாடமொழி என்று காரணம் விளக்க இரண்டிலும் இடமில்லை. படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.)

ஆறு கிடைத்தால் போதும், வாக்கியம் அமைப்பதே சிரமம் என்பவர்களுக்கு ஆண்டு வரிசை. ஏழுக்கு மேல் குறிவைப்பவர்கள் போக்கு முறைக்கே வந்துவிடலாம்.