ஜியோஜீப்ரா: விசுவமடு ரியூசன் வகுப்பில் சில வருடப் பாவனை

விசுவமடுவில் சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வரைபுகளுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத்தான் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001 இல் தன் முதுமாணி ஆய்வுக்காகத் தொடங்கியது. வகுப்பறைப் பாவனைக்கு இலவசம். எங்களுக்கு அதைவிடப் பெரிய விடயம், ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே இறங்கினால் சிக்னலை நம்பிப் பாடம் நடத்த முடியாது.

இதன் உண்மையான பலம், இழுத்து எண்ணின் பெறுமானத்தை மாற்றும் ஸ்லைடர்தான். y = ax² + bx + c என்று எழுதினால் a, b, c மூன்றுக்கும் ஸ்லைடர் வந்துவிடும். c ஐ அசைத்தால் வளையி மேலும் கீழும் போகும். a ஐ மறையாக்கினால் கவிழும். இவை பிள்ளைகள் எதிர்பார்ப்பவை. b ஐ அசைக்கும்போதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பக்கவாட்டில் மட்டும் நகரும் என்று நினைத்த பரவளைவு சரிந்து சரிந்து போகிறது. திரும்பற் புள்ளியைக் குறித்து அதன் சுவட்டைப் பதியவிட்டால், அந்தப் புள்ளியே y = c − ax² என்ற இன்னொரு பரவளைவில் ஓடுவது தெரியும். கரும்பலகையில் இதை நிறுவலாம், காட்ட முடியாது.

வட்டத்துக்கும் அப்படியே. x² + y² − 4x + 6y + c = 0 இன் மையம் (2, −3). c கூடக்கூட வட்டம் சுருங்கி, 13 இல் வெறும் புள்ளியாகி, அதைத் தாண்டியதும் மறைந்துவிடும். x² + y² + 2gx + 2fy + c = 0 இல் ஆரையின் வர்க்கமான g² + f² − c ஏன் நேர்ப் பெறுமானமாக இருக்கவேண்டும் என்று அதன்பின் எவரும் கேட்பதில்லை. ஆனால் ஸ்லைடர் −5 முதல் 5 வரைதான் தானாக வரும். எல்லையை முதலில் 15 ஆக்கிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. விரல் ஓர் அச்சில் பட்டு இழுபட்டால் அந்த அச்சின் அளவிடை மட்டும் மாறி, வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அமைப்புகளில் இரண்டு அச்சுகளையும் 1 : 1 ஆக்கினால் சரியாகிவிடும். sin(30) என்று பாகைக் குறியில்லாமல் எழுதினால் ஆரையனாகக் கொண்டு −0.99 என்று விடை தரக்கூடும். y = (x² − 1)/(x − 1) ஐக் கேட்டால் நேர்கோட்டைப் போட்டுவிடும்; x = 1 இல் உள்ள ஓட்டை கண்ணில் படாது. உயர்தரத்தில் எல்லை (limit) படிப்பிப்பவர்கள் இதை வாயால் சொல்லியே ஆகவேண்டும்.

சாதாரண தரப் பிள்ளைகளிடம் இதை முதலில் கொடுக்கவே மாட்டேன். y = x² − 4x + 1 க்கு −1 முதல் 5 வரை அட்டவணை நிரப்பி, வரைபுத்தாளில் அளவிடையைத் தெரிவுசெய்து, ஏழு புள்ளிகளையும் குறித்துக் கையால் வளைத்து வரையட்டும். பரீட்சையில் புள்ளி அதற்குத்தான். கல்குலேட்டரே கொண்டுபோக முடியாத மண்டபத்தில் செயலி எங்கே? வரைபு x அச்சை 3.7 இல் வெட்டுவதைப் பார்த்து, அதில் 2 ஐக் கழித்து √3 ஐ 1.7 என்று எடுக்கும் பிள்ளைக்குத் தன் கோட்டில் நம்பிக்கை வருகிறது. செயலியில் விரலால் தொட்டவுடன் 3.73 என்று வந்து நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. வரைந்து முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுங்கள். ஓரத்தில் கூராக முறிந்த வளையிகளை அவர்களே அழித்துத் திருத்துவார்கள்.

டெஸ்மோஸ் என்ற இன்னொரு வரைபுச் செயலியையும் சில காலம் பாவித்தேன். அட்டவணைப் புள்ளிகளைப் போட அது இன்னும் இலகு, திரையும் துப்புரவு. தொடலி, நாண், செங்குத்து என்று கேத்திர கணிதத்தையும் அதே இடத்தில் கலந்து செய்ய எனக்கு ஜியோஜீப்ராதான் கைக்கு வந்தது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கிளாசிக் 5 பதிப்பைப் போட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசிக்கு வரைபுக் கல்குலேட்டர் செயலியே போதும், ஆனால் சிறிய திரையைச் சுற்றி நான்கு பிள்ளைகளுக்கு மேல் நிற்க முடியாது.