டேபிள் சா மெஷினுக்கு நானே செய்த, சக்கரம் வைத்த இரும்புத் தளம்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு கராஜ்தான் என் பட்டறை. இரவில் கார் உள்ளே வரவேண்டும், அதனால் 120 கிலோ டேபிள் சா மெஷினை, அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் மர ரம்பத்தை, தினமும் ஓரமாகத் தள்ளியே ஆகவேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும் தளத்தை வாங்காமல் நானே செய்ததற்கு ஒரே காரணம், நான் பார்த்தவை பெரும்பாலும் வெட்டும்போதும் சக்கரத்தின் மேலேயே நின்றன. பிரேக் போட்டாலும் கேஸ்டருக்கு, அதாவது எந்தப் பக்கமும் திரும்பும் அந்தச் சின்னச் சக்கரத்துக்கு, ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். கனமான சலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ் மரம்) பலகையைத் தள்ளும்போது மெஷின் லேசாக நகர்ந்தால் போதும், கை தடுமாறும், பலகை கோணலாகி பிளேடின் பின்பக்கத்தில் மாட்டும், அப்புறம் அது நம் மேல்தான் பாயும்.

என் தளத்தில் வேலை நேரத்தில் எடை முழுக்க நான்கு ரப்பர் பாதங்களில் இறங்கும். பின்பாதங்களுக்குப் பின்னால், தரையைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் பக்கம் திரும்பாத இரண்டு நிலைச் சக்கரங்கள். முன்பக்கம் ஒரே ஒரு சுழலும் கேஸ்டர், கீல் வைத்த தகட்டில். பெடலை மிதித்தால் அந்த கேஸ்டர் இறங்கி முன்பக்கத்தைத் தூக்கும், தளம் பின்னால் சாயும், பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்கும். மூன்று சக்கரம் என்பதால் எங்கள் கராஜின் மேடுபள்ளத்தில்கூட ஆடாது. திருப்பும்போது மட்டும் வேகமாக இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் சாயும்.

சக்கரங்களைச் சட்டத்துக்கு அடியில் வைக்காதீர்கள். 100 மில்லிமீட்டர் சக்கரம், அதன் தகடு, மேலே 40 மில்லிமீட்டர் குழாய் என்று கூட்டினால் மேசை 15 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடும், பலகையை அமுக்கித் தள்ளத் தோளில் பலம் நிற்காது. நான் சட்டத்திலிருந்து வெளியே நீளும் இரும்புக் கைகளை வைத்து அவற்றில் சக்கரங்களை மாட்டினேன்.

சட்டத்துக்கு எடுத்தது 40க்கு 40, 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, பூச்சில்லாத கறுப்புச் சதுர இரும்புக் குழாய். கால்வனைஸ் செய்ததை (துத்தநாகம் பூசியதை) வெல்டிங்குக்கு எடுக்கவேண்டாம், துத்தநாகப் புகையில் காய்ச்சலே வரும். தெருவில் கேட் செய்யும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்து, "தம்பி, முதல்ல எல்லா மூலையிலும் டேக் மட்டும் வை, சின்னப் பொட்டு வெல்டிங் போதும், மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவும் ஒண்ணா வருதான்னு பாரு, அப்புறம் எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி போடு" என்றார். அப்படியே செய்தேன், சட்டம் முறுக்கவில்லை.

இப்போது நிலைமை? பாலியூரித்தேன் சக்கரங்கள் இன்னும் முழு வட்டமாக இருக்கின்றன. நிற்கும் நேரமெல்லாம் அவற்றின் மேல் எடையே இல்லை, அதனால் ஒரு பக்கம் தட்டையாக வழியில்லை. துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து மேலே எனாமல் பூசிய சட்டத்திலும் டர்பன் ஈரக்காற்று அதிகம் வேலை காட்டவில்லை. குழாயின் திறந்த வாய்களைத் தகடு வைத்து அடைத்தது பெரிய உதவி, இல்லாவிட்டால் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். தேய்ந்தது பெடலின் கீலில் இருக்கும் இரும்பு ஊசி ஒன்றுதான். மரத்தூள் கிரீஸில் ஒட்டிப் பசையாகி அதை அராவிவிட்டது. இப்போது கொஞ்சம் தடித்த ஊசி போட்டு, கிரீஸுக்குப் பதில் உலர்ந்த கிராஃபைட் தூள் போடுகிறேன். பெடல் லேசாக இறங்குகிறது.