ஸ்பிட்ஃபயர் பாகம் என்று விற்கிறார்கள்: பாக எண்ணைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

பழைய போர் விமான உதிரிபாகங்கள் சேகரிப்பவர்கள், குறிப்பாக இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பாகம் என்று நம்பி வாங்கி எனக்கு 540 பவுண்டு போய்விட்டது. எனக்கு விற்ற ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப் படையில் ஃபிட்டராக இருந்தவர். பர்மா போர்முனையில் 8ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 8 (மார்க் என்றால் மாடல் வரிசை) விமானங்களில் வேலை பார்த்தவர். அவர் நினைவாக அந்த விமானத்தின் ஒரு சின்னத் துண்டாவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதல் தடவை போனில் பேசும்போதே இதை விற்பவரிடம் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

பொருள் உள்ளங்கை அளவு அலுமினியத் தாங்கி. மடித்த இரண்டு தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்து, நடுவில் இரண்டு கப்பிகள் வைத்திருந்தார்கள். கட்டுப்பாட்டுக் கேபிள் ஓடுவதற்கானது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எந்த விமானத்தில், எந்த இடத்தில் என்பதுதான் புதிர். விளம்பரத்தில் "அடையாளம் தெரியாத பாகம், அநேகமாக ஸ்பிட்ஃபயர்" என்று போட்டிருந்தார். என் தாத்தா கதையைக் கேட்டதும் அந்த "அநேகமாக" காணாமல் போனது. "மார்க் 5, 1940 செப்டம்பரில் கென்ட்டில் விழுந்த விமானம், மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது" என்றார். சந்தேகமாக இருந்தால் தனக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர் 60 பவுண்டுக்குச் சான்றிதழ் தருவார் என்றும் சொன்னார். பொருளுக்கு 480, சான்றிதழுக்கு 60. கார்டு வேண்டாம், பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் 20 பவுண்டு குறைப்பதாகச் சொன்னார். குறைத்த விலைதான் அந்த 480.

அவர் சொன்ன கதையிலேயே ஓட்டை இருந்தது. மார்க் 5 படைக்கு வந்ததே 1941 தொடக்கத்தில். 1940 செப்டம்பரில் அது எப்படிக் கென்ட்டில் விழும்? அப்புறம், போர்ப் பணியில் விழுந்த விமானத்தின் மிச்சங்கள் பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் யாரும் தோண்டக் கூடாது. தோண்டி எடுத்தது என்று யாராவது சொன்னால் முதல் கேள்வியாக அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. பல வருடம் மண்ணில் கிடந்த அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து போயிருக்கும். என் கைக்கு வந்ததில் பெயின்ட் கூட உரியவில்லை.

பார்சல் வந்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாம்பல் கலந்த பச்சை நிறம், ஸ்பிட்ஃபயர் காக்பிட்டின் உள்ளே அடிக்கும் அதே நிறம். ஒரு பக்கம் சின்னத் தகடு; அதில் 300 என்று தொடங்கும் எண், பக்கத்தில் சிபிஏஎஃப் என்ற எழுத்துகள். 300 என்பது ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த சூப்பர்மரைன் நிறுவனம் ஸ்பிட்ஃபயருக்கு வைத்த டைப் எண். மார்க் 5க்கு 349, மார்க் 9க்கு 361. மாற்றமில்லாத பாகங்களுக்குப் பிந்தைய மார்க்குகளிலும் பழைய 300 எண்ணே தொடரும். சிபிஏஎஃப் என்றால் பர்மிங்காம் பக்கத்தில் சுமார் 12,000 ஸ்பிட்ஃபயர் செய்த காஸில் புரோமிச் தொழிற்சாலை. விஷயம் தெரிந்த ஒருவர்தான் அந்தத் தகட்டைத் தயார் செய்திருக்கிறார். இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

முதலில் உறுத்தியது ஸ்க்ரூ. கப்பிகளைப் பிடித்திருந்தவை ஸ்டார் ஸ்க்ரூ. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் விமானங்களில் பெரும்பாலும் மைனஸ் ஸ்க்ரூதான் இருக்கும். ஸ்டார் ஸ்க்ரூவை அள்ளிப் பயன்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். நட்டைக் கழற்றப் போனால் பிரிட்டிஷ் பழைய அளவு ஸ்பேனர் எதுவும் உட்காரவில்லை. அமெரிக்க அளவு ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தது. உள்மடிப்பில் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினேன். சாம்பல் பச்சைக்கு அடியில் மஞ்சள் கலந்த பச்சை. அது அமெரிக்கத் தொழிற்சாலைகள் துருப்பிடிக்காமல் அடித்த ஜிங்க் குரோமேட் பிரைமர். அதையும் மெல்லத் துடைத்தபோது தகட்டின் மேல் மங்கலான மை எழுத்துகள் தெரிந்தன: ஆல்கிளாட் 24எஸ்-டி. போர்க்கால அமெரிக்க அலுமினியத் தகட்டில் வரும் முத்திரை அது. பிரிட்டிஷ் தகடு என்றால் டிடிடி என்று தொடங்குவது போன்ற பிரிட்டிஷ் தர எண் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் அந்த எண் தகட்டையே சூடு காட்டிப் பெயர்த்தேன். பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அடியில், உலோகத்தில் அடித்த பழைய எண் அப்படியே இருந்தது. தொடக்கம் 88.

நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற அமெரிக்க விமான நிறுவனம் தன் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு எண் வைத்து, அதையே பாகங்களின் எண்ணுக்கு முன்னால் போட்டது. 73 என்றால் முதல் மஸ்டாங் போர் விமானம், 82 என்றால் பி-25சி குண்டுவீச்சு விமானம், 88 என்றால் ஹார்வர்டு பயிற்சி விமானம். ஓய்வு பெற்ற விமான மெக்கானிக் ஒருவர் ஹார்வர்டின் உதிரிபாகப் பட்டியலில் தேடி அதே எண்ணை எடுத்துக் காட்டினார். அந்த வகை விமானம் 15,000க்கும் மேல் செய்யப்பட்டது. அதன் கப்பித் தாங்கிக்கு 30 பவுண்டு கொடுத்தாலே அதிகம் என்றார். ஹார்வர்டு மட்டமான விமானம் இல்லை. நம் விமானப் படையிலும் எத்தனையோ பைலட்டுகள் அதில்தான் பழகினார்கள். ஹார்வர்டு என்று சொல்லி விற்றிருந்தால் மகிழ்ச்சியாகவே வாங்கியிருப்பேன்.

விற்பவரிடம் கேட்டேன். தான் கடைக்காரர் இல்லை, தனிநபர், அதனால் 14 நாளில் திருப்பும் உரிமை செல்லாது என்று ஒரே வரியில் பதில். சான்றிதழில் இருந்த நிபுணரின் எண்ணைக் கூப்பிட்டால் எடுத்தது அதே குரல். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குக் கார்டு நிறுவனமும் பொறுப்பு. 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்த 20 பவுண்டு தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பேங்க்கில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆள் "ஸ்பிட்ஃபயர் உயரமானி" ஒன்றையும் என் தலையில் கட்டப் பார்த்தார். 6ஏ என்று தொடங்கும் எண் உள்ள அந்தக் காலத்துக் கருவிகள் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டர் என்று பல பிரிட்டிஷ் விமானங்களுக்கும் பொது. தனியாகக் கிடைக்கும் ஒன்றை இது ஸ்பிட்ஃபயரில்தான் இருந்தது என்று எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. முள்ளிலும் எழுத்திலும் இருட்டில் ஒளிரும் ரேடியம் பூச்சும் இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம்.

நேற்று பார்த்தேன், புதிதாக ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார். இந்த முறை ஒரு சின்ன நெம்புகோல். அதே சாம்பல் பச்சை, அதே வடிவத் தகடு, அதே கென்ட் கதை. விலை 520 பவுண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் ஸ்டார் ஸ்க்ரூ தெரியும்.