வளைவில் உதறும் எல்எஸ்டி: பாட்டிலா, ஆயிலா, பிளேட்டா?

வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் கடகடவென உதறி, நேர்ச்சாலைக்கு வந்ததும் அடங்கிவிட்டால் எல்எஸ்டியைச் சந்தேகிக்கலாம். எல்எஸ்டி என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல், உள்ளே அடுக்கிய உராய்வு பிளேட்டுகளால் பிடித்துவைக்கும் பின் அச்சுப் பாகம். இதற்கு ஷெட்டுகளில் மூன்று வழி சொல்வார்கள்: அடிட்டிவ் பாட்டில் ஊற்றுவது, ஆயிலையே மாற்றுவது, பிளேட்டுகளை மாற்றுவது. செலவில் இந்த மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கோளாறு எல்எஸ்டியில்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தொப்பூர் கணவாயில் நேராக இறங்கும்போது, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு-ஜாயிண்ட், சென்டர் பேரிங், இல்லையென்றால் வீல் பேலன்ஸ் பக்கம் போங்கள். நின்ற இடத்திலிருந்து நேராகக் கிளம்பும்போது உதறினால் கிளட்ச். ஃபோர் வீல் போட்டபடி தார்ச்சாலையில் திருப்பினாலும் வண்டி இப்படித்தான் இழுத்துக் குதிக்கும். டூ வீலுக்கு மாற்றிப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி ஆயில் சூடானதும் காலி மைதானத்தில் முதல் கியரில் எட்டு போடுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்த நிலையில் மட்டும் உதறினால் பிளேட்டுகள்தான் ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன. திருப்பத்தில் அவை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒட்டியிருக்கும்போது உள்ள உராய்வு, வழுக்கும்போது உள்ளதைவிட அதிகமானால் இப்படி வெட்டி வெட்டி நகரும். அந்த உராய்வைக் குறைக்க அடிட்டிவ் பாட்டிலில் வருவதுதான் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர்.

பாட்டில் வழி மலிவு, வேலையும் சுருக்கம். சமீபத்தில் ஆயில் மாற்றியபோது மாடிஃபையர் சேர்க்காமல் விட்டிருந்தால் இதுவே போதும். கருகிப்போன பழைய ஆயிலில் ஊற்றினால் தற்காலிக நிம்மதிதான். அளவு மீறினால் பிளேட்டுகள் பிடிப்பே இல்லாமல் வழுக்கும். மாந்தோப்புச் சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும். பல்சக்கரங்களாலேயே வேலை செய்யும் டோர்சன் வகை எல்எஸ்டியில் இந்தப் பிளேட் அடுக்கே கிடையாது, அதற்குப் பாட்டில் பயன்படாது.

என் ஓட்டு ஆயில் மாற்றத்துக்கே. கோளாறு தீராவிட்டாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டிவிடும். முதலில் மேலே உள்ள ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போனால், கீழே ஆயிலை இறக்கிய பிறகு வண்டி ஷெட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்கி, காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். சிராய் சிராயாக இரும்பு வந்தால் மேலே ஆயில் ஊற்றிப் பயனில்லை. ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பிரீதரையும் (காற்றுப் போக்கும் துளை) சீலையும் பாருங்கள். கந்தக நாற்றம் கியர் ஆயிலுக்கே உரியது, பயம் வேண்டாம். கருகிய வாடைதான் ஆபத்து.

கடையில் வெறுமனே “90 ஆயில்” என்று கேட்டால் சாதாரண கியர் ஆயில்தான் கைக்கு வரும். மேனுவலில் சொன்ன கிரேடில், ஜிஎல்-5 தரம், எல்எஸ்டிக்கு உகந்தது என்று டின்னில் எழுதியிருப்பதை வாங்குங்கள். பெரும்பாலும் மாடிஃபையர் அதிலேயே கலந்திருக்கும், மேலே இன்னொரு பாட்டில் வேண்டாம். வெயில் ஊர் என்று இன்னும் கெட்டியான 140 கிரேடு ஊற்றச் சொல்வார்கள். கெட்டியான ஆயில் மாடிஃபையரின் வேலையைச் செய்யாது. புது ஆயில் பிளேட்டுகளுக்கு இடையே இறங்க, இரண்டு பக்கமும் மெதுவாகப் பலமுறை எட்டு போடுங்கள். அன்றைக்கே முழுசாக அடங்காவிட்டாலும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பிளேட் மாற்றுவது பெரிய வேலை. பாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடு வரை விசாரிக்க வேண்டிவரும். புது பிளேட்டுகளைக் கியர் ஆயிலில் ஊறவைத்துத்தான் அடுக்க வேண்டும். இருபுற பேரிங் சிம்களும் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடுகள்) இடம் மாறக்கூடாது, கிரவுன்-பினியன் பல்சக்கரங்களின் இடைவெளியை டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்துப் பார்க்க வேண்டும். கேஜ் இல்லாமல் கை அளவில் மாட்டினால் உதறல் போய் ஊளைச் சத்தம் வந்துவிடும். பிளேட்டுகளை எடுத்துவிட்டு ஓப்பனாக, அதாவது சாதாரண டிஃபரன்ஷியலாக, ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. தோட்டத்து வழியில் போகும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிளேட் வாங்கக் காசு எடுக்கும் முன் இன்னொரு சோதனை பாக்கி. முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, அந்தச் சக்கரத்தை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) திருப்பச் சொல்லுங்கள். நகர ஆரம்பிக்கும் அளவு மேனுவலில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, பணம் செலவழிக்கலாம். சரியாக இருந்தால் கிரவுனைத் திறக்க விடாதீர்கள்.