ஹைட்ராலிக் ஆயில் மாற்றக் கொடுத்தால் வண்டி பக்கத்திலேயே நில்லுங்கள்

பாகூர், தவளக்குப்பம், கடலூர் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சம்பா உழவுக்கு முன்னால் ஹைட்ராலிக் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லி ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். இரண்டு பக்கெட் ஆயில், ஃபில்டர், கூலி என்று 13,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, பழைய ஆயிலோடும் பழைய ஃபில்டரோடும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

என் வண்டியில் கியர் பெட்டி, டிஃபரென்ஷியல், லிஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறங்குகிற வண்டி என்பதால் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் ஏறி ஆயில் பால் டீ மாதிரி ஆகியிருந்தது, மாற்றக் கொடுத்ததே அதற்காகத்தான். திரும்பி வந்தபோது ஆயில் அளவு பார்க்கிற குச்சியில் அளவு சரியாக இருந்தது, நிறம் மட்டும் அப்படியே. கேட்டதற்கு, "புது ஆயில்தாண்ணே, ஓட்டுனதுல காத்து கலந்திருக்கு, நாளைக்குத் தெளிஞ்சிடும்" என்றார் பட்டறைக்காரர்.

காற்று கலந்தாலும் ஆயில் வெளுக்கும், அது உண்மை. ஆனால் காற்று என்றால் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தாலே குமிழி மேலே ஏறித் தெளிந்துவிடும். ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தேன், காலையிலும் அதே வெளுப்பு. தூக்கிப் போட்டிருந்த பழைய தோசைக்கல்லைக் காயவைத்து ஒரு சொட்டு விட்டேன், சடசடவென்று வெடித்தது. தண்ணீர்தான், சந்தேகமே இல்லை. (வீட்டில் விழுந்த திட்டு தனிக் கதை.)

அதற்குள் வயலில் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது லிஃப்ட் உதற ஆரம்பித்துவிட்டது, சூடு ஏறினால் பம்ப் ஊளையிட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து தெரிந்த மெக்கானிக்கை வரச்சொன்னேன். அடியில் படுத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். இந்த மாடலில் டிரெயின் பிளக் (ஆயில் வடிக்கத் திறக்கிற மூடி) ஒன்றுக்கு மேல் உண்டு, அவர்கள் பின்பக்கத்து ஒன்றைத்தான் திறந்திருக்கிறார்கள், மற்றதில் காய்ந்த சேறு அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வந்தவரைக்கும் வடித்துவிட்டு மேலே எதையோ ஊற்றி அளவைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். ஃபில்டரை டீசல் போட்டுத் துடைத்திருந்தார்கள், ஆனால் போன தடவை மார்க்கரில் நான் எழுதிய தேதி பாதி அழிந்தும் படிக்கிற மாதிரியே இருந்தது. உள்ளே ஸ்ட்ரெய்னர் வலை கறுத்து அடைத்துக் கிடந்தது. பம்புக்கு ஆயில் இழுக்க முடியாமல்தான் அந்த ஊளை.

அவர் செய்ததைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கினார், லிஃப்ட் கையை முழுக்கக் கீழே இறக்கினார், அப்போதுதான் சிலிண்டருக்குள் நிற்பதும் வடியும். எல்லா பிளக்கையும் திறந்து காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளைத் துடைத்தார். ஸ்ட்ரெய்னரை டீசலில் கழுவி, புது ஓ-ரிங் போட்டு, புது ஃபில்டர் மாட்டி, சீல் பக்கெட்டை என் கண்முன் உடைத்தார். ஊற்றியபின் இன்ஜினை ஓடவிட்டு லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, நிறுத்தி, மறுபடி குச்சி பார்த்து, குறைந்ததை ஊற்றினார். ஆக்சில் சீலையும் மாற்றினோம், இல்லாவிட்டால் அடுத்த சேற்றிலேயே தண்ணீர் ஏறும்.

ஆயில் விஷயத்தில் இன்னொன்று. பேரலில் சில்லறையாக விற்கிற 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் விலை குறைவு, அதை ஊற்றிவிட்டு டிராக்டர் ஆயில் விலை போடுவார்கள். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு அது ஆகாது, பிரேக் கத்தும், ஒரே சீராகப் பிடிக்காது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த கிரேடு என்று போட்டிருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள். வடித்த ஆயிலையும் கண்ணால் பாருங்கள்: இரண்டு பக்கெட் உள்ளே போகிறதென்றால் கிட்டத்தட்ட அதே அளவு வெளியே வந்திருக்க வேண்டும். பழைய ஃபில்டரைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "பில்லுல ஆயில்னுதானே இருக்கு, முழுசா மாத்துனதுன்னு எங்க இருக்கு?" என்கிறார். பார்த்தால் நிஜமாகவே 'ஆயில் 40' என்று லிட்டர் கணக்கு மட்டும்தான் கிறுக்கியிருக்கிறது, கம்பெனி இல்லை, கிரேடு இல்லை, ஃபில்டர் நம்பரும் இல்லை. அந்த பில், தேதி தெரியும் ஃபில்டரின் போட்டோ இரண்டையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.