கண்டோனீஸ் காதில் இருந்தது, கண்ணுக்கு வந்தது: பிளெக்கோ, ஆங்கி, கட்டம் போட்ட நோட்டு

மலேசியாவின் ஈப்போ நகரில் அம்மா சீனர், அப்பா தமிழர் என்ற வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மாவோடும் அவருடைய அம்மாவான போபோவோடும் கண்டோனீஸ் என்ற தென்சீனப் பேச்சுமொழி, அப்பாவோடு தமிழ். படித்தது தமிழ்ப்பள்ளியில், அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளியில். கடையில் விலை பேச வரும், போபோ சொல்லும் கதை புரியும். ஆனால் சீன எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. வேலைக்குப் போன பிறகுதான் ஆரம்பித்தேன். பல வருடமாகக் கைவிடாமல் வைத்திருக்கும் செயலிகளையும் பழக்கங்களையும் பற்றி, என்னைப் போல் வீட்டில் பேசி மட்டும் வளர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கான மாண்டரின் (சீனப் பொதுமொழி) வகுப்புகள் ஒன்றுமே தெரியாதவர்களுக்காகப் போடப்பட்டவை. நமக்குச் சொல் ஏற்கெனவே தெரியும், உருவம்தான் தெரியாது. இன்னொரு சிக்கலை அங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஏட்டில் எழுதுவது மாண்டரினை ஒட்டிய நடை. சாப்பிடு, இல்லை, அவன் போன்ற அன்றாடச் சொற்களே வீட்டில் ஒன்று, எழுத்தில் வேறொன்று. நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி மாதிரிதான், ஆனால் அதைவிடப் பெரியது.

இந்த இடத்தில் கைகொடுத்தது பிளெக்கோ அகராதி. அடிப்படைச் செயலி இலவசம். பலகையில் பார்த்த எழுத்தை விரலால் வரைந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கும். அமைப்பில் மாண்டரின் ஒலியோடு கண்டோனீஸ் ஒலியையும் காட்டச் சொல்லலாம். என் படிப்பைத் திருப்பிவிட்டது அதுதான். வெள்ளையைக் குறிக்கும் எழுத்து 'பாக்'. அதன் மேல் ஒரு படுக்கைக் கோடு போட்டால் நூறு, அதுவும் 'பாக்'. வெள்ளையின் இடப்பக்கம் மனிதக் குறியைச் சேர்த்தால் பெரியப்பா, அதுவும் 'பாக்'. கைக் குறியைச் சேர்த்தால் தட்டுவது, கொஞ்சம் காற்றோடு 'ப்பாக்'. மாண்டரினில் இவை பை, போ என்று பிரிந்துவிட்டன, கடைசி 'க்' உதிர்ந்துவிட்டது. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பொருளுக்கு ஒரு பாகம், ஒலிக்கு ஒரு பாகம் என்று அமைந்தவை. அந்த ஒலி உறவைப் பல இடங்களில் கண்டோனீஸ் காது சட்டென்று பிடித்துவிடும். நமக்கு இது பெரிய சொத்து.

அடுத்தது ஆங்கி. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பொருள் என்று நாம் போடும் நினைவு அட்டையை, மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும் செயலி அது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. தேர்வுப் பட்டியலை வைத்துச் செய்த ஆயத்த அட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, காப்பிக் கடைச் சுவரில் இருக்கும் ஹோர் ஃபன் நூடுல்ஸ் விலைப்பட்டியல், இவற்றிலிருந்து நீங்களே அட்டை செய்யுங்கள். மனதில் நிற்கும்.

கையால் எழுத வேண்டுமா? வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கட்டம் போட்ட நோட்டில் சில நூறு எழுத்துகளை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டு வரிசையில் எழுதிப் பழகினால் போதும். மண் என்ற எழுத்தில் கீழ்க்கோடு நீளம், மேல்கோடு குட்டை. அந்த நீளங்களை மாற்றிப் போட்டால் கற்றவரைக் குறிக்கும் எழுத்து. எழுதிப் பார்த்த கைதான் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கும்.

மலேசியாவில் இன்னொன்றும் உண்டு. சீனப்பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பது கோடுகளைக் குறைத்து எளிமையாக்கிய வடிவம். பழைய கடைப் பலகை, கோயில், கல்லறை எல்லாம் மரபு வடிவம், அதிலும் பழைய பலகைகளில் வலமிருந்து இடம். ச்சிங் மிங் நாளில் தாத்தாவின் கல்லறைக்குப் போகிற குடும்பத்துக்கு இரண்டும் வேண்டும். பிளெக்கோ இரண்டு வடிவத்தையும் காட்டும். எளிய வடிவத்தை முதலில் படித்து, மரபு வடிவத்தைப் பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வைத்துக்கொள்வது எனக்குச் சரிப்பட்டது.

இப்போது உணவுப் பட்டியல் முழுதாக வருகிறது. அத்தையின் செய்திகளுக்கு அகராதி தேவையில்லை. நாளிதழை அகராதி இல்லாமல் படிக்க இன்னும் வரவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பிளெக்கோவை இறக்கியதும் முதல் வேலையாகக் கண்டோனீஸ் ஒலியை இயக்கிவிடுங்கள். காசு கட்டி வாங்கும் கூடுதல் அகராதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.